அழித்தும் போகாத கோப்பு: லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. தேடினால் 40 ஜிபிக்கு ஒரு லாக் கோப்பு, அதாவது ஒரு ப்ரோகிராம் தன் நடப்புகளை எழுதிக்கொண்டே போகும் கோப்பு. ஆர்எம் கட்டளையால் அதை அழித்துவிட்டு டிஎஃப் போட்டுப் பார்த்தால் ஒரு மெகாபைட்கூட காலியாகவில்லை. டியூ கணக்கிலோ அந்த 40 ஜிபி இல்லவே இல்லை. இரண்டுமே சரிதான். டியூ, பெயர் உள்ள கோப்புகளைத் தேடிப்போய்க் கூட்டுகிறது. டிஎஃப், டிஸ்கில் உண்மையில் பிடிபட்டிருக்கும் இடத்தைச் சொல்கிறது.

லினக்ஸில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. பெயர் டைரக்டரியில் இருக்கிறது. உள்ளடக்கம் எங்கே என்ற விவரம் ஐநோடில் இருக்கிறது. ஆர்எம் எடுப்பது பெயரைத்தான். கடைசிப் பெயரும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) மூடிய பிறகே லினக்ஸின் மையமான கர்னல் இடத்தை விடுவிக்கும்.

அதனால் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் லாகை ஆர்எம் செய்யாதீர்கள். ட்ரன்கேட் கட்டளையால் அதன் நீளத்தை 0 ஆக்குங்கள். ப்ரோகிராம் அதை அப்பெண்ட் முறையில், அதாவது எப்போதும் கோப்பின் முடிவிலேயே எழுதும்படி, திறக்காவிட்டால், அடுத்த வரி பழைய இடத்திலேயே விழும். கோப்பு மறுபடி 40 ஜிபி போலத் தெரியும். பயப்பட வேண்டாம், முன்பகுதி எதுவும் எழுதப்படாத வெறும் ஓட்டைதான், டிஸ்கில் இடம் பிடிக்காது. லாகின் பெயரை மட்டும் மாற்றுவதும் போதாது. உதாரணமாக, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு, லாகை மறுபடி திறக்கச் சொல்லும் யுஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பும்வரை அது பழைய கோப்பிலேயே எழுதும்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? சர்வரை ரீபூட் செய்ய ஓடாதீர்கள். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 சேர்த்துப் போட்டால், பெயரிழந்த கோப்பை எந்த ப்ராசஸ், எந்த எஃப்டி எண்ணில் (திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் ப்ராசஸிடம் உள்ள எண்) வைத்திருக்கிறது என்று காட்டும். அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும்.

விண்டோஸில் கதை வேறு. ஒரு ப்ரோகிராம் கோப்பைத் திறக்கும்போதே அழிக்க அனுமதி கொடுத்திருக்காவிட்டால், அது மூடும்வரை விண்டோஸ் அந்தக் கோப்பை அழிக்கவே விடாது. லினக்ஸில் ஓடிய ப்ரோகிராம் அங்கே தடுக்கி விழுவது இதனால்தான்.

எல்லாவற்றிலும் எனக்கு வலிப்பது இன்னொரு தவறு. தேவையான கோப்பைத் தெரியாமல் அழித்துவிட்டு, பதற்றத்தில் அதைத் திறந்து வைத்திருந்த ப்ரோகிராமையும் நிறுத்திவிடுவார்கள். அந்த ப்ராசஸ் உயிரோடு இருந்தவரை கோப்பும் இருந்தது! ப்ராக் (/proc) டைரக்டரியில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் எஃப்டி என்ற டைரக்டரி இருக்கும். அதில் உரிய எண்ணை சிபி கட்டளையால் வேறொரு டிஸ்குக்கு நகலெடுக்கலாம். இன்னும் எழுதிக்கொண்டிருந்தால் முதலில் ஸ்டாப் சிக்னல் அனுப்புங்கள். ப்ராசஸ் அப்படியே உறைந்து நிற்கும், கோப்பு மூடப்படாது. நகல் முழுதாக வந்ததைப் பார்த்த பிறகு கன்டினியூ சிக்னல் கொடுங்கள்.