விழிவெண்படலக் கொலாஜன் படங்களை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டப்பார்வை ஆண்டுக்காண்டு கூடும்போது விழிக்கோளம் முன்பின்னாக நீள்கிறது. வளர்ந்தவர்களிடம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டராக இருக்கும் இந்த நீளம் 26-ஐத் தாண்டும் கண்களில், கண்ணின் வெள்ளையான வெளிச்சுவராகிய விழிவெண்படலம் பின்புறத்தில் மெலிந்து, அதற்கு வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதத்தின் நுண்ணிழைகளும் சிறுத்துப்போகின்றன. ரிபோஃப்ளேவினையும் (வைட்டமின் பி2) ஒளியையும் கொண்டோ, ஜெனிபின் போன்ற வேதிப்பொருளைக் கொண்டோ அந்த இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி நீட்சியைத் தடுக்க முடியுமா என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் கேள்வி. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆட்டுக்கண்ணில் இதைச் செய்து, இழைகளை நுண்ணோக்கியில் படமெடுத்துப் பார்க்க நினைக்கும் மாணவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் தவறுதான் பெரிய தவறு: படத்தின் வெளிச்சத்தை வலிமையின் அளவாக எடுத்துக்கொள்வது. கொலாஜனைச் சாயமின்றிப் படம்பிடிக்கும் செகண்ட் ஹார்மோனிக் நுண்ணோக்கியில், 800 நானோமீட்டர் லேசர் ஒளி ஒழுங்காக அடுக்கப்பட்ட இழைகளில் பட்டு, சரிபாதி அலைநீளத்தில், அதாவது 400 நானோமீட்டரில் வெளிவருகிறது. இந்த சிக்னல் இழைகளின் அடர்த்தியையும் அடுக்கையும் சொல்லும். இழைகளுக்கிடையே சிகிச்சை போட்ட பிணைப்புகள் தாமாக இந்த ஒளியை உமிழ்வதில்லை. கோரைப்பாயைப் படமெடுத்தால் பின்னல் தெரியும், கோரை எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பது தெரியாது. ஆகவே படத்தோடு கூடவே, அதே கண்ணிலிருந்து வெட்டிய பட்டையை இழுவைக் கருவியில் பூட்டி விறைப்பையும் அளக்க வேண்டும். அளக்காமல் ‘பலம் கூடியது’ என்று எழுதும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

வெளிச்சமே ஏமாற்றும் இடங்களும் உண்டு. திசுவில் எஞ்சிய ரிபோஃப்ளேவின் பச்சையாக ஒளிரும். வேண்டாத நிறங்களைத் தடுக்கும் ஒளி வடிகட்டி சரியில்லையென்றால் அந்த ஒளிர்வும் கொலாஜன் கணக்கில் சேர்ந்துவிடும். அதே ரிபோஃப்ளேவின் 400 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சவும் செய்வதால், நன்றாகக் கழுவாத துண்டில் உண்மையான சிக்னல் குறைந்தும் தெரியலாம். ஜெனிபின் ஊறிய திசு கருநீலமாக மாறிவிடும் என்பதால் அங்கே இன்னும் எச்சரிக்கை தேவை. மருந்து மட்டும் இட்ட துண்டு, ஒளி மட்டும் பட்ட துண்டு, எதுவும் செய்யாத துண்டு ஆகிய மூன்றும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது திசுவைக் கொண்டுவரும் வழியில் நேர்வது. கும்பகோணத்து ஆட்டுக்கறிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கிய கண் சித்திரை வெயிலில் பேருந்தில் தஞ்சாவூர் வந்து சேரும்போது, ஐஸ் பெட்டி இல்லையென்றால் திசு அழுகத் தொடங்கிவிடும். அதற்கு அஞ்சி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போடுவது அதைவிடப் பெரிய கேடு, ஏனெனில் ஃபார்மலினே புரதங்களைக் குறுக்காகப் பிணைக்கும் பொருள். சிகிச்சை செய்த துண்டும் செய்யாத துண்டும் அதில் ஊறியபின் எந்த விறைப்பு சிகிச்சையால் வந்தது, எது ஃபார்மலினால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. விறைப்பை அளக்காமல் படம் மட்டும் போதுமென்றால் ஃபார்மலின் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. வெறும் தண்ணீரில் போட்டாலும் ஆகாது: விழிவெண்படலம் நீரை உறிஞ்சி உப்பும், இழைகளின் இடைவெளி மாறும். உப்புக் கரைசலில் நனைத்த துணியில் சுற்றி, ஐஸுக்கு நேரே படாமல் கொண்டுவருவது நல்லது.

இழுவிசையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். உயிருள்ள கண்ணுக்குள் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் கொலாஜன் இழைகளின் நெளிவுகள் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். கடையில் வாங்கிய கண் தளர்ந்து கிடக்கும். அதை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் பரப்பியதும் நெளிவு கூடித் தெரியும். ஒரு துண்டைச் சற்று இழுத்து ஒட்டினாலே நெளிவு குறைந்து, சிகிச்சை வேலை செய்தது போன்ற தோற்றம் வந்துவிடும். உப்புக் கரைசலை ஏற்றிக் கண்ணை அழுத்தத்தில் வைத்தே படமெடுப்பது கடினம்தான், ஆனாலும் அது இயலாதபோது எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே பளுவையாவது கொடுக்க வேண்டும்.

வெட்டும் இடமும் முக்கியம். மனிதக் கண்ணில் விழிவெண்படலம் பின்முனையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமனும், கண்ணை அசைக்கும் நேர்த்தசைகள் ஒட்டும் இடத்துக்குப் பின்னால் சுமார் 0.3 மில்லிமீட்டரும் கொண்டது. பார்வை நரம்பைச் சுற்றி இழைகள் வளையமாக ஓடும், மற்ற இடங்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். ஒரு கண்ணின் பின்புறத்தையும் இன்னொன்றின் பக்கவாட்டையும் ஒப்பிட்டால் தெரிவது இடவேறுபாடு மட்டுமே. லேசரின் முனைவாக்கத் திசைக்கு, அதாவது அதன் ஒளியலை அதிரும் திசைக்கு, இணையான இழைகள் பளிச்சென்றும் குறுக்கானவை மங்கியும் தெரிவதால், துண்டைத் திருப்பித் திருப்பிப் படமெடுப்பதும் அவசியம்.

கருவிழிக்கு எழுதிய அளவை அப்படியே விழிவெண்படலத்துக்குப் போடுவது இன்னொரு தவறு. கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் கூம்புக் கருவிழி நோய்க்கு, ரிபோஃப்ளேவினையும் ஒளியையும் கொண்டு நம் கண் மருத்துவர்கள் செய்யும் குறுக்குப் பிணைப்புச் சிகிச்சை சி3ஆர்; அதன் பழைய முறை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் புற ஊதாக் கதிரை 30 நிமிடம் செலுத்துவது. விழிவெண்படலத்துக்கு உள்ளே இருப்பதோ விழித்திரை. முயல்களில் புற ஊதாக் கதிரால் செய்த தொடக்ககாலச் சோதனைகளில் அதன் ஒளியுணர் செல்கள் சேதமடைந்தன. பின்னர் நீல ஒளியை நாடும் முயற்சிகள் வந்தன. சி3ஆர் என்று கேள்விப்பட்ட பெற்றோர் பிள்ளையின் கிட்டப்பார்வைக்கும் அது ஆகுமா என்று கேட்டால், ஆகாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கடைக் கண்ணில் விறைப்பு கூடியதை வைத்து வளரும் கண்ணில் நீட்சி நிற்கும் என்று எழுதக்கூடாது. வளர்ச்சியின்போது திசு தானே கொலாஜனைச் சிதைத்தும் புதிதாக உண்டாக்கியும் வருகிறது, செத்த கண்ணில் அது நடப்பதில்லை. கோழிக்குஞ்சை மாதிரியாக எடுத்தாலும் கவனம் வேண்டும், அதன் விழிவெண்படலத்தில் குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு. கினிப்பன்றி, முயல் போன்றவற்றில் சிகிச்சைக்கு முன்னும் பல வாரங்கள் கழித்தும் அல்ட்ராசவுண்டால் கண்ணின் நீளத்தை அளந்தால்தான் நீட்சியைப் பற்றிப் பேச முடியும்.