முதல் பார்வையில் ஆளை எடை போடும்போது செய்யும் தவறுகள்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் காலை வணக்கம் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திமிர் பிடித்த ஆள் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் வேலை விஷயம் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் ‘சரி’, ‘முடிந்தது’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்புவார். நான் நினைத்தது சரிதான் என்று இருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், பக்கத்து மேஜைக்காரரோடு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

ஒருவரைப் பார்த்ததும் மனத்தில் ஓர் எண்ணம் விழுவதை யாராலும் தடுக்க முடியாது. அது தவறும் இல்லை. அதற்குப் பிறகு நாம் செய்வதில்தான் கோளாறு.

முதலில் தெரிந்ததையே பிடித்துக்கொள்வது ஒன்று. 1946-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரே ஆளின் குணங்களை இரண்டு குழுவினருக்குச் சொன்னார். ஒரு குழுவுக்குப் பட்டியல் ‘புத்திசாலி, உழைப்பாளி’ என்று தொடங்கி ‘பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்’ என்று முடிந்தது. மற்றக் குழுவுக்கு அதே சொற்கள் தலைகீழ் வரிசையில். நல்லதை முதலில் கேட்டவர்களுக்கே அந்த ஆளைக் கூடுதலாகப் பிடித்திருந்தது. ஒருவரைச் சந்திக்கும் முன்பே அவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கும் பழக்கத்தை இதனால்தான் நான் விட்டுவிட்டேன்.

அடுத்தது, சூழ்நிலையை மறந்து எல்லாவற்றையும் குணத்தின் தலையில் போடுவது. நாம் தாமதமாக வந்தால் வழியில் நெரிசல். அடுத்தவர் வந்தால் பொறுப்பில்லாதவர். 1973-இல் ஜான் டார்லியும் டேனியல் பாட்சனும் இறையியல் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ‘ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் உதவியது 10 சதவீதம். அந்த மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போனதே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி! விரட்டப்பட்ட ஒருவரைத் தெருவில் பார்த்திருந்தால், கல்நெஞ்சக்காரர் என்றுதான் சொல்லியிருப்போம்.

ஒரு நல்ல குணத்தைக் கண்டதும் மற்றதெல்லாம் நல்லதாகத் தெரிவதும் உண்டு. அழகாகப் பேசுகிறவர் நேர்மையானவராகவும் இருப்பார் என்று நம்பி ஏமாந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது, நம் எண்ணத்தை நாமே நிஜமாக்கிவிடுவது. 1977-இல் மார்க் ஸ்னைடரும் சகாக்களும் ஆண்களை, முன்பின் பார்க்காத பெண்களோடு தொலைபேசியில் பேசவைத்தார்கள். பேசப்போகும் பெண்ணுடையது என்று சொல்லி, சிலருக்கு அழகான ஒருத்தியின் படத்தையும், மற்றவர்களுக்கு அப்படி இல்லாத ஒருத்தியின் படத்தையும் காட்டினார்கள். உண்மையில் எதுவும் அந்தப் பெண்ணின் படம் அல்ல. பிறகு பெண்களின் குரலை மட்டும் பதிவில் கேட்டவர்கள், அழகி என்று நம்பப்பட்டவர்கள்தான் கூடுதல் கலகலப்பாகவும் நட்பாகவும் பேசினார்கள் என்றார்கள். அந்த ஆண்கள் பேசிய விதம் அப்படி.

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு, அவருக்கு நான் அனுப்பிய பழைய செய்திகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றில்கூட வணக்கம் இல்லை. மறுநாள் ஒரு சந்தேகத்தைச் செய்தியில் கேட்காமல் அவர் மேஜைக்கே போய்க் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.