தனியாக இருக்கும்போது தொண்டை அடைத்தால்

ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து பலாச்சுளை தின்கிறீர்கள். வழுவழுவென்று ஒரு துண்டு சறுக்கி மூச்சுக்குழலை அடைத்துவிடுகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி உதவி வரும்வரை மூச்சு தாங்காது.

இருமல் வந்தால் நல்லது, விடாமல் பலமாக இருமுங்கள். தண்ணீர் குடிப்பது, விரலை விட்டுத் துழாவுவது இரண்டும் வேண்டாம்.

சத்தமே வரவில்லையா? 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். பேச முடியாது, பரவாயில்லை. ஒரு கையை முஷ்டியாக மடக்கி, கட்டைவிரல் பக்கம் வயிற்றில் படும்படி தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். மறு கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக வெடுக்கென்று குத்துங்கள். அடைப்பு விடும்வரை திரும்பத் திரும்ப.

கைக்கு அவ்வளவு வலு இருக்காது. அப்போது கனமான மர நாற்காலியின் முதுகு, வராந்தாக் கம்பி என ஏதாவது ஒன்றின் மேல் அதே இடம் அழுந்தும்படி உடம்பைப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது, கவிழ்ந்துவிடும்.

கர்ப்பிணிகள் வயிற்றில் குத்தக் கூடாது, நடு நெஞ்செலும்பில்தான் அழுத்த வேண்டும்.

சுளை வெளியே வந்துவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். குத்தியதில் உள்ளே அடிபட்டிருக்கலாம்.