சொல்லாமல் விடப்பட்ட அனுமானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

வங்கித் தேர்வுகளில் வரும் ‘கூற்றும் அனுமானமும்’ வினாவும், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கான எல்சாட் தேர்வில் வரும் அனுமான வினாவும் அடிப்படையில் ஒன்றையே கேட்கின்றன: சொல்பவர் வெளிப்படையாகக் கூறாமலே, உண்மை என ஏற்றுக்கொண்டு பேசும் கருத்து எது? அக்கருத்து உண்மையிலேயே சரியா என்பது இங்கே கேள்வி அன்று. பொது அறிவைக் கொண்டு விடை தேடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் முடிவையும் அதற்குக் காட்டப்படும் காரணத்தையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காரணத்தில் இல்லாத ஒரு சொல் முடிவில் புதிதாகத் தலைகாட்டினால், இடைவெளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

‘நகரப் பேருந்துகள் நஷ்டத்தில் ஓடுகின்றன; ஆகவே கட்டணத்தை உயர்த்தினால் நஷ்டம் குறையும்’ என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். இதன் அனுமானம் எது என்பதற்கு இரண்டு விடைகள் தரப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ‘எல்லாப் பயணிகளும் தொடர்ந்து பேருந்திலேயே செல்வார்கள்’ என்பது முதல் விடை. ‘கூடுதல் வருவாய் முழுவதையும் விழுங்கும் அளவுக்குப் பயணிகள் குறையமாட்டார்கள்’ என்பது இரண்டாவது. ஒவ்வொன்றையும் மறுத்துப் பாருங்கள். முதலாவதை மறுத்தால் ‘சிலர் செல்லமாட்டார்கள்’ என்றுதான் ஆகும். ‘ஒருவரும் செல்லமாட்டார்கள்’ என்று ஆகாது. சிலர் விலகினாலும் நஷ்டம் குறையலாம் என்பதால் வாதம் நிற்கிறது. இரண்டாவதை மறுத்தாலோ, கட்டண உயர்வால் பயனே இல்லை என்றாகி வாதம் சரிந்துவிடுகிறது. எனவே இரண்டாவதே அனுமானம். ‘எல்லா’, ‘மட்டுமே’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்கள் வரும் விடைகளை நான் எப்போதும் இரண்டாம் முறை மறுத்துப் பார்க்கச் சொல்வேன். வாதத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக அவை பேசிவிடுகின்றன.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. எல்சாட்டில் ‘எதைச் சேர்த்தால் முடிவு ஐயமின்றி நிறுவப்படும்?’ என்று கேட்கும் வினாக்களும் வரும். அங்கே மறுத்துப் பார்ப்பது உதவாது. விடையைக் காரணத்தோடு சேர்த்துப் படித்து, முடிவு தவறாக இருக்க வழியே இல்லையா என்று பார்க்க வேண்டும். முன்னே நாம் ஒதுக்கிய ‘எல்லா’ என்ற சொல் இங்கே சரியான விடையிலும் இடம்பெறலாம் என்பதால், விடைகளைத் தொடும் முன் வினா எந்த வகை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வங்கித் தேர்வுகளில் விளம்பரங்களும் அறிவிப்புகளும் கூற்றாக வரும். ‘ஆங்கிலம் சரளமாகப் பேச எங்கள் பயிற்சியில் சேருங்கள்’ என்பவர், அப்படிப் பேச விரும்புவோர் இருக்கிறார்கள் என்று கருதுகிறார். பிற பயிற்சி மையங்கள் மோசமானவை என்று கருத வேண்டிய தேவை அவருக்கு இல்லை.