பழைய கப்சாயை வீட்டில் பிரிக்கும் தம்பிகளுக்கு

பினாங்கின் பிறையில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே சனிக்கிழமை ஆனால் போதும், யாராவது ஒரு தம்பி மழையிலும் வெயிலிலும் கிடந்த பழைய ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாயை, அதாவது கியர் உள்ள சின்ன மோட்டார் சைக்கிளை, தள்ளிக்கொண்டு வந்து அட்டையை விரித்துவிடுவான். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வயதில் நாங்கள் அடித்த கூத்தையே இவர்களும் அடிப்பதைப் பார்த்தால் சும்மா நிற்க முடிவதில்லை. பிளக்கைப் பார், டயரில் காற்றைப் பார் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை; அந்தக் கூத்துகளை மட்டும் சொல்கிறேன்.

எண்ணெய் போல்ட்டை முறுக்குவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கறுத்த எண்ணெயை இறக்க எஞ்சினுக்கு அடியில் இருக்கும் போல்ட் இரும்பு. அது ஏறும் கூடு அலுமினியம். போட்டி வந்தால் தோற்பது கூடுதான். அண்மையில் ஒரு தம்பி புது எண்ணெய் ஊற்றிய பிறகு சொட்டுச் சொட்டாக ஒழுகியதால் கொஞ்சம் இறுக்கினான், மறுபடி ஒழுகியதும் ஸ்பேனர் முனையில் நீளக் குழாயைச் செருகிக்கொண்டு முழு உடம்பையும் போட்டு இறுக்கினான். நான் படியிறங்கி வருவதற்குள் போல்ட் லேசாகச் சுழல ஆரம்பித்துவிட்டது. கூட்டுக்குள் போல்ட் கடிக்கும் மரை போச்சு. வெளியே எடுத்தால் அலுமினியச் சுருளும் கூடவே வந்தது.

ஒழுகியதற்குக் காரணம் இறுக்கம் போதாதது இல்லை. போல்ட்டுக்கு அடியில் போடும் வாஷர் நசுங்கித்தான் அடைக்கும்; ஏற்கெனவே நசுங்கியதையே திரும்பப் போட்டால் எப்படி அடைக்கும்? ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அது சில்லறைக் காசு. இந்தச் சின்ன ஹோண்டாக்களுக்கு 25 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கமே போதும், அதாவது சாதாரண நீள ஸ்பேனர், ஒரு கை, குழாய் கிடையாது.

மரை போனால் கடைசல் பட்டறையில் ஹெலிகாயில், அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள், போட்டுவிடலாம். கூட்டிலேயே விரிசல் விட்டுவிட்டால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான், அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய மோட்டாரையே பார்க்கலாம். டேப் சுற்றிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய், பினாங்குப் பாலத்தில் போல்ட் கழன்றால் கரை சேர்வதற்குள் எஞ்சின் உள்ளே இறுகி நின்றுவிடும். அதனால் வாங்கும்போதே குனிந்து பாருங்கள். பசைத் தடமோ அளவு பெரிய போல்ட்டோ தெரிந்தால் முன்பு ஓட்டியவர் வேலையைக் காட்டியிருக்கிறார் என்று அர்த்தம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

தலை தேய்ந்த ஸ்க்ரூ

ஜப்பான் மோட்டார்களில் இருப்பது ஜேஐஎஸ் ஸ்க்ரூ, அதாவது ஜப்பான் தரப்படி செய்தது. பார்க்க, தலையில் கூட்டல் குறி உள்ள சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் மூடிக்கு, சுத்தியலால் தட்டும் இம்பேக்ட் டிரைவர் வேண்டும்; கார்பரேட்டர் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள், உடைந்துவிடும்.

கார்பரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்துவது

கூடாது. ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை; குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும்.

மிச்சமிருக்கும் கார் எண்ணெய்

வீணாகக் கூடாது என்று மோட்டாரில் ஊற்றுகிறார்கள். கியர் மோட்டாரில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது, சில கார் எண்ணெய்களில் வழுக்கலுக்கென்றே சேர்த்திருப்பது கிளட்சையும் வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (எண்ணெயில் ஓடும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜப்பான் தரக் குறி) என்று இருக்கிறதா பாருங்கள்.

கிரான்

எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கிரானோடு, அதாவது மோட்டாரின் பதிவுப் பத்திரத்தோடு, ஒத்துப்போகாவிட்டால் ஸ்பேனரையே எடுக்காதீர்கள்.