மருத்துவமனைக் கழிவைக் கண்காணிக்க உணரிகளை (சென்சார்களை) அமைக்கும் முறை

மருத்துவமனையில் சேரும் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு சாதாரணக் குப்பை என்றும், தொற்று, நச்சு, கதிரியக்கம் போன்ற ஆபத்து உள்ளது 15 விழுக்காடுதான் என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. இவை இரண்டும் கலந்துவிட்டால் மொத்தத்தையும் அபாயக் கழிவாகவே கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே தரம் பிரிக்கும் வேலை, கழிவு உண்டாகும் இடத்திலேயே, பணியாளரின் கையால்தான் நடக்க வேண்டும். பெட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, பை எத்தனை மணி நேரமாகக் கிடக்கிறது, புறப்பட்ட எடை முழுதும் போய்ச் சேர்ந்ததா என்பவற்றைக் கவனிக்கும் பொறுப்பை மட்டும் உணரிகளிடம் ஒப்படையுங்கள்.

ஊசிப் பெட்டியிலிருந்து தொடங்குவது நல்லது. முக்கால் பங்கு நிரம்பியதும் அதை மூடிவிட வேண்டும். அதற்கு மேல் திணிக்கும்போது ஊசி கையில் குத்தும் அபாயம் கூடுகிறது. ஹெப்படைட்டிஸ் பி தொற்றுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி, தடுப்பூசி போட்டுக்கொள்ளாத பணியாளரைக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு. குப்பைத் தொட்டிகளுக்குப் பயன்படும், ஒலி எதிரொலித்துத் திரும்பும் நேரத்தால் தூரத்தை அளக்கும் மீயொலி உணரி இங்கே பொருந்தாது. நீர்புகா வகைகள் பலவற்றால் 20 சென்டிமீட்டருக்குள் இருப்பதைச் சரியாக அளக்க முடியாது; சிறிய பெட்டியின் ஆழமே ஏறக்குறைய அவ்வளவுதான். லேசர் ஒளி சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் உணரியே ஏற்றது. அதிலும் ஒரே புள்ளியை மட்டும் பார்க்கும் உணரிக்கு, நிமிர்ந்து நிற்கும் ஒரு சிரிஞ்சே பெட்டி நிரம்பிவிட்டதாகத் தோன்றும் என்பதால், பல புள்ளிகளில் அளக்கும் வகையை வாங்கி, அந்த அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஊசிகளோடு சேர்ந்து அழிக்கப்படுவது. எனவே உணரியைப் பெட்டியில் ஒட்டாமல், அதைத் தாங்கும் சட்டத்தில், திறப்புக்கு நேர் மேலே பொருத்துங்கள். எச்சரிக்கை 65 விழுக்காட்டிலேயே வரட்டும். பணியாளர் வந்து சேரவும் நேரம் வேண்டும்.

பைகளுக்கு எடைதான் முக்கியம். வாயைக் கட்டியதும் பார்கோடு ஒட்டி, வார்டிலேயே எடை போட்டு, நேரத்தோடு பதிவு செய்யுங்கள். சேமிப்பறையிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் மீண்டும் எடை போடுங்கள். எடை குறைந்தால் பை கிழிந்து ஒழுகியிருக்கலாம். அல்லது சிரிஞ்சுகளை யாரோ மறுவிற்பனைக்கு எடுத்திருக்கலாம். பின்னது நோயாளிகளின் உயிரோடு விளையாடும் செயல் என்பதால், சிறு வேறுபாட்டையும் அன்றே விசாரித்துவிட வேண்டும். பார்கோடுக்குப் பதிலாக ஒட்டப்படும், தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய ரேடியோ அலைச் சில்லுகளை (RFID) ஈரமும் உலோகமும் குழப்பும் என்பதால், திரவம் நிறைந்த பைகளுக்கு நான் பார்கோடையே பரிந்துரைப்பேன். குளிரூட்டாத அறையில், வெப்பமான பகுதிகளில், கோடையில் 24 மணி நேரத்துக்கு மேல் தொற்றுக் கழிவை வைக்கக் கூடாது. அந்தக் கெடு பை கட்டிய நேரத்திலிருந்து ஓடட்டும். முடிவதற்குச் சில மணி நேரம் முன்பே எச்சரிக்கை போக வேண்டும்.

சேமிப்பறை பெரும்பாலும் அடித்தளத்தில் இருப்பதால், அங்கே வைஃபையைவிட, குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் சிறு தரவுகளை அனுப்பும் லோராவான் (LoRaWAN) ரேடியோ இணைப்பு நன்றாக எட்டும். பேட்டரியும் நெடுநாள் உழைக்கும். தொடர்பு அறுந்தால் தரவைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும் கருவியாக இருப்பது அவசியம். பார்கோடில் நோயாளியின் விவரம் எதுவும் இடம்பெறக் கூடாது.

எச்சரிக்கை மேலாளரின் கணினித் திரைக்கு மட்டும் போனால் பயனில்லை. பையை எடுக்கப்போகும் துப்புரவுப் பணியாளரின் கைப்பேசிக்கு, அவர் படிக்கும் மொழியில், வார்டின் பெயரோடு போக வேண்டும். முதலில் ஒரே வார்டில் தொடங்கி, காகிதப் பதிவேட்டையும் உடன் வைத்து, இரண்டின் கணக்கும் ஒத்துவந்த பிறகு அடுத்த வார்டுக்குச் செல்லுங்கள்.