கியோட்டோ தோட்டத்தில் செய்யக் கூடாத தவறுகள்

லண்டனின் மேற்குப் பகுதியிலுள்ள ஹாலண்ட் பார்க் பூங்காவுக்குள் கியோட்டோ தோட்டம் என்றொரு சிறிய ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. 1991இல் பிரிட்டனில் நடந்த ஜப்பான் விழாவையொட்டி, கியோட்டோ வர்த்தக சபையின் பங்களிப்புடன் அது அமைக்கப்பட்டது. படிப்படியாக விழும் அருவி, அருவி நீர் வந்து சேரும் குளம், குளம் நிறையக் கோய் மீன்கள், நீரை ஒட்டிய தாழ்வான கற்பாலம், கல்விளக்குகள், அவ்வப்போது வந்து போகும் மயில்கள் என்று சிறிய இடத்துக்குள் நிறையவே அடங்கியிருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. லண்டன்வாழ் தமிழர்கள் ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் செல்லும் இடங்களில் இதுவும் ஒன்று. அங்கே நடக்கும் தவறுகளில் மிகுதியானவை துடுக்குத்தனத்தால் நடப்பவை அல்ல, நல்லெண்ணத்தால் நடப்பவை. தவறு என்றே தோன்றாததால் அவை தொடர்ந்துகொண்டே இருக்கின்றன.

முதல் தவறு, மீன்களுக்குத் தீனி போடுவது. கோயில் குளத்தில் பொரி தூவிப் பழகிய நமக்கு, கரையோரம் நிழல் விழுந்ததும் வாயைத் திறந்துகொண்டு கூட்டமாக வரும் மீன்களைப் பார்த்தால் கை தானாகப் பையைத் துழாவும். அவை பசியால் வருவதாக எண்ணிவிடக் கூடாது. ஆள் வந்தால் உணவு வரும் என்று கற்றுக்கொண்டதால் வருகின்றன. கோய் என்பது ஜப்பானின் நீகாடா பகுதி மலைக்கிராமங்களில் நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட கெண்டை வகை. கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. விழுங்கியது நேராகக் குடலுக்குப் போகும் என்பதால், சிறிது சிறிதாக உண்பதே அதற்கு இயல்பு. தண்ணீரின் வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் குளிர்காலத்தில் அதன் செரிமானமும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வளர்ப்பவர்களே தீவனத்தை நிறுத்திவிடும் அந்த மாதங்களில், பார்வையாளர் அன்போடு பிய்த்துப் போடும் ரொட்டித்துண்டு மீனுக்குத் தீங்காகவே முடியும்.

இதில் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் முக்கியமானது. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாமல் மிதந்து அழுகும் உணவும் அதையே உண்டாக்குகிறது. தோட்டக் குளங்களின் வடிகட்டிகளில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டிருக்கின்றன. அவை பெருகியிருப்பது வழக்கமான தீவன அளவுக்கு ஏற்றபடிதான். ஒரு சனிக்கிழமை மதியம் நூறு பேர் ஆளுக்கொரு பிடி பிஸ்கட் போட்டால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. அழுகலால் நீரிலுள்ள ஆக்சிஜனும் குறையும். ஒரு பிடியால் என்ன ஆகிவிடும் என்று அந்த நூறு பேரும் நினைத்திருப்பார்கள்.

நாணயம் போடுவது அடுத்தது. பிரிட்டனின் ஒரு பென்னி, இரண்டு பென்னி நாணயங்கள் 1992 முதல் செம்பு பூசிய எஃகால் செய்யப்படுகின்றன. அதற்கு முந்தியவை பெரும்பாலும் செம்பே. செம்பு நீரில் கரைந்தால் மீனின் செவுளைத் தாக்கும். பாசியையும் ஒட்டுண்ணியையும் ஒழிக்கச் செம்புச் சேர்மங்களைப் பயன்படுத்துபவர்களே அளவு சற்றுக் கூடினாலும் மீன் செத்துவிடும் என்று அஞ்சி அளந்துதான் போடுகிறார்கள். கோய் மீன்கள் அடித்தளத்துக் கற்களை வாயில் எடுத்துத் துப்பி இரை தேடுபவை என்பதும் நினைவிருக்கட்டும். குளத்தடியில் ஏற்கெனவே சில நாணயங்கள் மின்னுகின்றன என்பது மேலும் ஒன்றைப் போடுவதற்கான அனுமதி ஆகாது.

மீனைத் தொட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். அதன் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலமே கிருமிகளிடமிருந்து அதைக் காக்கிறது. உலர்ந்த கை அதை உரித்துவிடும், கையில் பூசிய சன்ஸ்கிரீனும் சானிடைசரும் நீரில் கலக்கும். வீட்டில் வளர்க்க முடியாமற்போன மீனையோ ஆமையையோ இங்கே கொண்டுவந்து விடுவது இவை எல்லாவற்றையும் விடக் கொடியது. கோய் மீன்களைத் தாக்கும் ஹெர்பீஸ் வைரஸ் நோய்க்கு மருந்து இல்லை. பிரிட்டனில் அது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. வெளியே நலமாகத் தோன்றும் மீனும் அதைச் சுமந்து வரக்கூடும்.

நிலத்தில் நடக்கும் தவறுகளுக்குப் பெரும்பாலும் புகைப்படமே காரணம். நல்ல கோணம் தேடிப் பாதையை விட்டு இறங்குபவர்கள் தரையில் பச்சையாகப் படர்ந்திருக்கும் நிலப்பாசியின் (moss) மேல் கால் வைக்கிறார்கள். நிலப்பாசிக்கு உண்மையான வேர் இல்லை. மிதிபட்டுப் பெயர்ந்த இடம் மீண்டும் மூடுவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். குறுகிய பாலத்தின் நடுவில் நின்று பத்துப் பதினைந்து படம் எடுப்பவர்கள் இருபுறமும் வழியை அடைத்துவிடுகிறார்கள். என் கருத்தில் பாலத்தின் மேலிருந்து எடுப்பதைவிட எதிர்க்கரையிலிருந்து அருவியோடு சேர்த்து எடுக்கும் படமே நன்றாக அமைகிறது. குழந்தைகளோடு வருபவர்கள் பாலத்தைக் கடக்கும்போது கையை விடாமல் இருப்பது நல்லது. நாயை அழைத்துவந்தால், இந்தத் தோட்டத்துக்குள் அனுமதி இல்லை என்பதால் ஒருவர் வெளியே நிற்க நேரிடும்.

நேரத்தைத் தப்பாகக் கணக்கிடுபவர்களும் பலர். பூங்கா காலை 7.30க்குத் திறக்கிறது, இருட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், மதிய உணவுக்குப் பின் சாவகாசமாகக் கிளம்புபவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். மேப்பிள் இலைகள் சிவக்கும் காலத்தில் போக விரும்பினால் அக்டோபர் இறுதி அல்லது நவம்பர் முற்பகுதியில், வார நாள் ஒன்றின் காலையில் போகலாம். அப்படிப் போகும்போது, ஜப்பானில் 2011இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு பிரிட்டன் மக்கள் அளித்த ஆதரவுக்கு நன்றியாக 2012இல் திறக்கப்பட்ட ஃபுகுஷிமா நினைவுத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். குளத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.